பொங்கலண்டு நட்ட உள்ளிக்கீரை

"தைப்பொங்கலாலைதான் அக்கா எங்களுக்கு இருக்க இடமில்லாமல் போச்சுது."

பிரான்காச்சோவுக்குப் போற பஸ்ஸிலை எனக்கு முன் சீற்றிலை இருந்த பிள்ளை இப்பிடிச் சொன்னாள். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் பஸ்ஸுக்குள்ளை காதைப் பொத்தேலாது.

"பொங்கல் என்னடி செய்தது?" பக்கத்திலை இருந்த மனிசி கேட்டா.

"மலையிலை வெள்ளைக்கார முதலாளியம்மா, அந்தச் சின்னோராவின்ரை தோட்டத்தை இவர்தானே பாத்தவர். அங்கையே ஒரு அறையும் தந்தவ. வெங்காயத்தாள் மாதிரி, உள்ளிப்பூண்டு மணக்கிற ஒரு கீரை நாற்றுக் குடுத்து, உறைபனி முடிஞ்சு ஏப்ரலிலை நடச் சொன்னவ. இவர் பொங்கலண்டு நட்டார். ஒரு கிழமையிலை எல்லாம் கருகிப்போச்சு."

"யாழ்ப்பாணத்துப் பனியெண்டு நினைச்சாராக்கும்!"

"சிரிக்காதேங்கோ அக்கா. சொல்லுக் கேளாத ஆளுக்கு இஞ்சை வேலையில்லை எண்டு அனுப்பிப்போட்டா."

"ஆரடி அவருக்கு நாள் பாத்துக் குடுத்தது?"

அவள் யன்னல் பக்கம் திரும்பினாள்.

"நான்தான். அதை அவர் சின்னோராவுக்குச் சொல்லேல்லை. அண்டையிலிருந்து என்னோடையும் ஒரு வார்த்தை கதைக்கேல்லை."