மாஸ்ரரின் புத்தகத்துக்குப் புது அட்டை

புத்தகம் அடிக்கிறது பெரிய வேலையில்லை, சுவாமி. சனத்தை வாங்கவைக்கிறதுதான் வேலை. பாவசங்கீர்த்தனத்திலை ஏன் இந்தக் கதை எண்டு கேப்பியள், சொல்லுறன்.

கொன்ஸ்ரன்ரைன் மாஸ்ரரின்ரை கவிதைப் புத்தகத்தை என்ரை அச்சகந்தான் போட்டது. முன்னூறு பிரதி. நோட்டீஸ் அடிச்சன், ஸ்பீக்கர் கட்டித் தெருத்தெருவாச் சொல்லுவிச்சன். பங்கு மண்டபத்திலை வெளியீட்டு விழா. சிறப்புப் பிரதிக்குப் பேர் கூப்பிட, பெரிய ஆக்களெல்லாம் மேடைக்கு வந்து படத்துக்கு நிண்டினம். பிறகு புத்தகத்தைக் கதிரையிலையே விட்டுட்டுப் போட்டினம். நானாட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பவெண்டால், சோதனைச்சாவடி தாண்ட ஆமி பாஸ் தரேல்லை.

மாஸ்ரர் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வருவார்.

"தம்பி, இண்டைக்கு ஆரும் கேட்டவையோ?"

"ஓம் மாஸ்ரர், ஒண்டு ரெண்டு போகுது."

பொய்தான். அந்த மனுசன்ரை முகத்தைப் பாக்காமல் எழுத்துக் கோத்துக்கொண்டிருப்பன்.

நான் செத்தவைக்கு முப்பத்தோராம் நாள் நினைவு மலரும் அடிக்கிறனான். அதுக்கு மட்டும் சனம் முண்டியடிக்கும். கிடைக்காதவை அச்சகத்துக்கே வந்து கேப்பினம். அதை ஆரும் கதிரையிலை விட்டுட்டுப் போனதை நான் காணேல்லை. எங்கட சனம் உயிரோடை இருக்கிறவன்ரை எழுத்தைப் படிக்காது, சுவாமி. அது என்ரை பிழையோ?

சந்தியிலை ஆமிக்காரர் வைச்ச முறைப்பாட்டுப் பெட்டிக்குள்ளை ஒரு மொட்டைக் கடதாசி போட்டன். கூட ஒரு புத்தகமும். இருபத்திரெண்டாம் பக்கத்துக் கடல் கவிதை, இயக்கப் பெடியளின்ரை படகுகளுக்குச் சொல்லுற சேதி எண்டு எழுதினன். அது அவர் தன்ரை தகப்பனைப் பற்றி எழுதினது. எனக்குத் தெரியும். முன்னூறிலை ஆரும் வடிவாப் படிச்ச பிரதி, பெட்டிக்குள்ளை போட்ட அந்த ஒண்டுதான்.

ரெண்டு நாள் விசாரிச்சுப்போட்டு விடுவினம், பேப்பரிலை பேர் வரும், புத்தகம் போகும். அவ்வளவுதான் என்ரை கணக்கு.

புதன்கிழமை விடிய ஆமிக்காரர் வந்து மாஸ்ரரைப் பிடிச்சுக்கொண்டு போனவை. ஒன்பதாம் நாள் கரையிலை ஒதுங்கினார். கையிலை கிடந்த மணிக்கூட்டை வைச்சுத்தான் பெஞ்சாதி எடித் அடையாளம் காட்டினவ.

முப்பத்தோராம் நாள் பூசை முடிய, கோயில் வாசலிலை இரண்டாம் பதிப்பை வைச்சன். உள்ளுக்கு விக்காமக் கிடந்த அதே பிரதியள், அட்டை மட்டும் புதுசு. ஒரு மணித்தியாலத்திலை முடிஞ்சுது. படத்துக்கு நிண்ட ஆக்களும் வரிசையிலை நிண்டினம். எடித் என்ரை ரெண்டு கையையும் பிடிச்சு, "அண்ணை, நீங்கள் இல்லாட்டி இவற்ரை பேரே அழிஞ்சு போயிருக்கும்" எண்டு அழுதா. எனக்கும் அழுகை வந்தது. பொய்யில்லை.

இன்னும் ஒண்டு கிடக்கு, சுவாமி. அந்த அட்டையை நான் அவர் செத்தாப் பிறகு அடிக்கேல்லை. 'அமரர் கொன்ஸ்ரன்ரைன்' எண்டு எழுத்துக் கோத்து, அடிச்சு, காயவைச்சது கடதாசி போடுறதுக்கு முதல் நாள்.

ஆனால் ரெண்டு நாளிலை விட்டிடுவினம் எண்டுதான் சத்தியமா நினைச்சனான்.