தொட்டிக்குள்ளே கடல்

நடுவட்டத்திலிருந்து கிளம்பிய பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் எஸ்டேட் பெண்கள் இருவர். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"எம் மக கடலைத் தொட்டியில வச்சு ஆட்டுறாக்கா!"

"என்ன புள்ள சொல்ற?"

"கப்பல்துறைய பெருசாக்கப் போறாங்களாம். அதுக்கு இவ ஆபீஸ்ல சின்னதா ஒரு துறைமுகம் செஞ்சு, அலைய விட்டு, எங்க சுவரு போட்டா கப்பல் ஆடாம நிக்கும்னு பாக்குறாங்க."

"எந்த ஊருக்குப் போற கப்பலு?"

"சிலோனுக்குத்தான். எங்க பெரியக்கா கல்யாணமாகி அங்கயே நின்னுட்டாங்கல்ல? சின்னதுல நாங்க அங்கருந்து கப்பல்ல வந்தப்ப வாந்தியெடுத்தே நான் பாதி செத்தேன். இனி கடல் பக்கமே தலவச்சுப் படுக்க மாட்டேன்னு இருந்தேன்."

"இப்ப?"

"மக தைரியம் சொல்லிட்டா. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கத்தான் ஊட்டிக்குப் போறேன். பவுடரு திட்டுத்திட்டா இருக்கான்னு பாருங்கக்கா."