மீன் பெயர் கேட்கச் சொன்ன டாக்டர் பூமிநாதன்

மேடையில் வீற்றிருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, மருத்துவப் பெருமக்களே, உத்தரகோசமங்கையிலிருந்தும் பாம்பனிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் என் சலாம்.

நான் முஹைதீன், பாம்பன் படகுக்காரர் சங்கச் செயலாளர். நம் ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் பூமிநாதன் அவர்கள் மறைந்தார் என்றதும் கண் கலங்கியது உண்மை. ஆனாலும் நெஞ்சில் நிம்மதிதான் இருக்கிறது. படுக்கையில் கிடந்து வாதைப்படாமல் உறக்கத்திலேயே போனார். தம் வேலை பலித்ததையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

என் மனைவி நூர் நிஷாவுக்கு அடிக்கடி வலிப்பு வரும். வந்தால் நாம் என்ன செய்வோம்? சாவிக்கொத்தைத் திணித்துக் கையை இறுக்கி மூடுவோம். அதைப் பார்த்த டாக்டர் என்னை ஒரு பிடி பிடித்தார். "யோவ் முஹைதீன், கைய விடுய்யா. எந்த வெரல் மொதல்ல துடிக்குதுன்னு பாக்க வேணாமா?"

வலது கட்டைவிரல்தான் முதலில் துடித்தது. மூளையில் எந்த இடம் கெட்டால் உடம்பில் எது துடிக்கும் என்று, நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே விஞ்ஞானிகள் மூளைக்கு ஒரு படம் போட்டிருக்கிறார்களாம். அந்தப் படத்தின்படி, அவளுக்கு வலிப்பைக் கிளப்பும் கட்டி இருப்பது இடது மூளையில். பக்கத்திலேயே பேச்சுக்கான இடம். கட்டியை எடுத்தால் பேச்சு போகலாம். விட்டுவைத்தால் ஆளே போய்விடுவாள். ஆபரேஷனுக்குச் சரி என்றேன்.

போட் மெயில் ரயிலில் சென்னைக்கு டாக்டர் தாமே கூட வந்தார். மூளைக்கு வலி தெரியாதாம். தலைத்தோலுக்கு மட்டும் மரப்பு ஊசி போட்டு, அவளை விழிக்க வைத்தே, சன்னமான மின்சாரக் கம்பியால் மூளையைத் தொட்டுத் தொட்டுப் பேச்சுக் கொடுத்தார் அறுவை டாக்டர். எங்கே தொட்டால் பேச்சு நிற்கிறதோ, அங்கே கத்தி படக்கூடாது. ஊர் கேட்டார், சொன்னாள். பிள்ளைகள் பேர் கேட்டார், சொன்னாள். கட்டிக்கு மேலே தொட்டு, "உன் புருஷன் பேர் என்னம்மா?" என்றார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். வாயே திறக்கவில்லை. "பேச்சு இடம் இதுதான், கட்டியை எடுக்க முடியாது" என்று கம்பியை எடுத்துவிட்டார்.

ஓரமாக நின்ற நம் பூமிநாதன், "ஐயா, கொஞ்சம் பொறுங்க" என்றார். "எங்க ஊருப் பொம்பளைக உசுரே போனாலும் புருஷன் பேரச் சொல்ல மாட்டாக. அங்கனயே தொட்டு மீன் பேரக் கேளுங்க."

கேட்டார்கள். "சீலா, பாறை, நெத்திலி, சூடை, காரல்..." போதும் போதும் என்கிறவரை சொல்லியிருக்கிறாள். கட்டி வெளியே வந்தது!

சிரியுங்கள், டாக்டரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மூளையின் படத்தைப் படித்தார் நம் டாக்டர். அந்த மூளைக்குச் சொந்தக்காரியையும் அல்லவா படித்திருந்தார்! அப்படி ஒரு மனிதரை மறுபடி எப்போது பார்ப்போம்?

டாக்டர் அவர்களே, உங்கள் வேலையை நாங்கள் விடமாட்டோம். கடற்கரையில் வலிப்புள்ள யாரையும் இனி வீட்டுக்குள் மறைக்கமாட்டோம். முதலில் துடித்தது எது என்று பார்த்து, ஆளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவது எங்கள் சங்கத்தின் பொறுப்பு.

இப்போதெல்லாம் வீட்டில் எனக்குத்தான் வாய் திறக்க வழியில்லை. காலையில் கிளம்பும்போது, "டாக்டரப் பத்தி ஒன் சார்பா என்ன சொல்லட்டும்?" என்று நூர் நிஷாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "நான் இன்னமும் பேசிக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்க, அது போதும்" என்றாள்.