பான்ஸ்கோவுக்கு மலிவான வழி

பனியில் சறுக்கப் போகிறவர்கள் முதலில் மறப்பது கையுறையைத்தான். கோட்டு, தொப்பி, காலுறை எல்லாம் இரண்டிரண்டாகப் பெட்டியில் ஏறும்; கையுறை மட்டும் மேசையில் கிடக்கும். அதனால் நான் போட்டுக் கொடுக்கும் குளிர்காலப் பயணத் திட்டம் எதிலும் முதல் வரி கையுறைதான். காத்தான்குடியில் மின்விசிறிக்குக் கீழே இருப்பவளுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். மீன் பெட்டியில் கொட்டும் ஐஸைத் தவிர வேறு பனியை நான் கண்டதில்லை, உசனார் காக்கா. ஆனாலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற நம் ஊர்க்காரர் ஐந்து வருடமாக என்னிடம்தான் வழி கேட்கிறார்கள். ஒருவரும் வழி தவறியதில்லை.

நேற்று நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலி நுனியில் இருந்தபடி சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை.

“முப்பத்தொரு வருசமாக் கலியாணம் பேசுறன் பர்ஸானா. ஒண்டும் பிசகினதில்ல. ஒங்கட தங்கச்சிர கலியாணத்தில எங்க பிழ விட்டன் எண்டு மட்டும் விளங்குதில்ல. இனி இந்தத் தொழில் எனக்கு வாணாம் புள்ள.”

இஞ்சி போட்ட பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனீர்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. உங்களைப் போன்ற நேர்மையான தரகர் ஊருக்குத் தேவை. நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை. யாருமே பிழை விடவில்லை என்பதுதான் என் எண்ணம்; வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். உம்மா முந்தியே போய்விட்டார். வாப்பா மௌத்தானபோது எனக்கு இருபத்தாறு, ஸாதியாவுக்குப் பன்னிரண்டு. என்னைக் கட்டியவர் கட்டாருக்குப் போன இடத்தில் இன்னொரு குடும்பத்தைத் தொடங்கிக்கொண்டு, எனக்குத் தலாக்கை அனுப்பிவிட்டார். அவரில் எனக்குக் கோபமில்லை. எனக்கு ஸாதியா இருந்தாள். அவளுக்குத் தலை பின்னியது நான், பரீட்சை மண்டபத்து வாசலில் வெயிலில் காத்து நின்றது நான். காலையில் அவள் அப்பம் சுடுவாள், நான் கணினியைத் திறப்பேன். பின்னேரம் இருவரும் வாவிக்கரையில் காற்று வாங்கிவிட்டு வருவோம். ஒரு வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்.

அவளுக்கு இருபத்தேழு நடக்கும்போது நீங்கள் இன்ஷாப் தம்பியைப் பற்றிப் பேசினீர்கள். நம் ஊர்ப் பையன், ஜேர்மனியில் டோட்முண்ட் நகரத்தில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை, தொழுகை தவறாதவர், சிக்கனக்காரர், ஆனால் கஞ்சனில்லை. நல்ல மனிதர் என்பதை இன்றைக்கும் நான் மறுக்கவில்லை. குறை ஒன்றே ஒன்றுதான். நம் ஊரில் கலியாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். வாப்பா அதற்காகவே ஸாதியாவின் பெயரில் பின்பக்கத்து இரண்டு அறைகளையும் கட்டி வைத்தார். இன்ஷாப் தம்பியோ நிக்காஹ் முடிந்த கையோடு அவளை ஜேர்மனிக்கு எடுப்பதாகச் சொன்னார். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் நிக்காஹ் என்று நாள் வைத்தோம்.

நவம்பரில் ஒருநாள் அவர் வீடியோவில் வந்தார். நிக்காஹ் முடியும் முன்பே, மனைவியின் ராத்தாவைக் கூப்பிடுகிற முறையில், என்னை அவர் மச்சி என்றுதான் கூப்பிடுவார்.

“மச்சி, டிசம்பர் லீவில பனியில சறுக்கப் போகணும் எண்டு ஒரு ஆச. கார்ல போவம். ஆனா சல்லி கூடுதலாச் செலவாகப்படா.”

பக்கத்தில் இருந்த ஸாதியா எட்டிப் பார்த்து, “நீங்க சறுக்க மாட்டீங்க, விழுவீங்க,” என்றாள். அடுத்த நாள் பின்னேரம் என்னைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போய், மணல் மேட்டின் உச்சியில் ஒரு தென்னம் மட்டையைப் போட்டு அதில் ஏறி இருந்தாள். முக்காடு ஒரு பக்கம், மட்டை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாகக் கீழே வந்து சேர்ந்தாள். அதை வீடியோ எடுத்ததும் நான்தான், அவருக்கு அனுப்பியதும் நான்தான். வீடு வரும் வரைக்கும் விக்கல் எடுக்க எடுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். பதினைந்து வருடமாக அவளைச் சிரிக்கவைத்தவள் நான். இந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமில்லாதது. வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தைத் திறந்தேன்.

அவர் மனதில் இருந்தது, இரண்டு கூட்டாளிகளோடு ஒஸ்ரியாவுக்கு ஒரு நாள் ஓட்டம். நான் விலைகளைத் தேடிப் பார்த்து, பல்கேரியாவில் பான்ஸ்கோ என்கிற மலை ஊரைக் காட்டினேன். அறை, சாப்பாடு, சறுக்குக் கட்டை வாடகை எல்லாம் ஒஸ்ரியாவில் கேட்பதில் பாதிதான் வரும். அது பொய்யில்லை. என்ன, தூரம் இரண்டாயிரத்து இருநூறு கிலோமீற்றர். ஒஸ்ரியா, ஹங்கேரி, ருமேனியா எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். நாட்டுக்கு நாடு வீதி வரி வேறு கட்ட வேண்டும். காருக்குள் மட்டும் இருபத்தாறு மணித்தியாலம்; திரும்பி வர இன்னொரு இருபத்தாறு.

“மலிவுதான் மச்சி. ஆனா பெற்றோல் காசு?”

“ஆளக் கூட்டினாச் சரி,” என்றேன்.

கூட்டாளிகளில் ஒருவருக்கு லீவு கிடைக்கவில்லை. மற்றவர் தூரத்தைக் கேட்டுவிட்டுக் கழன்றுகொண்டார். அப்போது றிஸ்லானின் குடும்பத்தைச் சேர்க்கச் சொன்னது நான். ஓட்டமாவடிக்காரர், இன்ஷாப் தம்பியோடு அதே பாண் தொழிற்சாலையில் வேலை, சொந்தக் கார் இருக்கிறது. மனைவி அஸீமா, மூன்று வயதில் ஒரு மகள். அஸீமாவின் தங்கை ஸஹீதாவும் அவர்களோடு தங்கித் தாதிப் பயிற்சி படிக்கிறாள் என்று இன்ஷாப் தம்பி முன்பொருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். நான் எதையும் மறக்கிறவளில்லை. அந்தப் பிள்ளை, பரீட்சை இருக்கிறது, வரமாட்டேன் என்றாள். நான் அஸீமாவோடு பேசினேன். பெரியவர்கள் நான்கு பேர் என்றால் செலவு நாலாகப் பிரியும், சின்னவளைப் பார்க்கவும் ஒரு கை கிடைக்கும் என்று விளங்கப்படுத்தினேன். ஸஹீதா புத்தகத்தைக் காரில் படிப்பதாக ஒத்துக்கொண்டாள்.

யார் எங்கே இருப்பது என்பதையும் என் திட்டத்தில் எழுதிவிடுவேன். இல்லாவிட்டால் வாசலிலேயே சண்டை தொடங்கும். ஓட்டுவது றிஸ்லான். பின்னால் இருந்தால் தலை சுற்றும் என்று அஸீமா சொன்னார், ஆகவே அவர் முன்னால். பின்னால் ஒரு ஓரத்தில் இன்ஷாப் தம்பி, மறு ஓரத்தில் ஸஹீதா, நடுவில் குழந்தையின் இருக்கை. அவளுடைய ராத்தாவும் மச்சானும் முன்னால் இருக்கிறார்கள், நடுவில் ஒரு பிள்ளை. இதில் மார்க்கம் படித்த ஆலிம்சா வந்தாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கார் ஓடினால் அந்தச் சின்னவளுக்கு வாந்தி வரும் என்றும் அஸீமா சொல்லியிருந்தார். அதற்குப் பைகளும் துடைக்கக் கடதாசியும் பட்டியலில் போட்டேன். ஒரு குழந்தைக்கு இரண்டு பக்கமும் இருந்து முதுகு தடவி, வாய் துடைத்து, கதை சொல்லித் தூங்கவைத்துக்கொண்டு நான்கு நாடு தாண்டுகிற இருவர், ஏறினபடியே இறங்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ள நான் ஜேர்மனிக்குப் போகத் தேவையில்லை.

ஹோட்டல் போடவில்லை. வியன்னாவுக்குப் பக்கத்திலும் ருமேனியாவிலும் சமையலறை உள்ள வீடுகளாகப் பார்த்து எடுத்தேன். ஹலால் சாப்பாட்டுக்கு அதுதான் தோது, மலிவும்கூட. கருவாடு கொண்டுபோகட்டுமா என்று இன்ஷாப் தம்பி கேட்டார். மூடிய காருக்குள் வேண்டாம், மாசிச் சம்பல் போதும் என்றேன். நாள் முழுக்க ஓட்டிய றிஸ்லான் படுக்க வேண்டும், அஸீமா பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும். வெங்காயம் வெட்ட மிச்சம் இரண்டு பேர்தான் இருப்பார்கள்.

அவர்கள் புறப்பட்ட அன்று ஸாதியாவின் போனைத் திருத்தக் கொடுத்தேன். அதன் கண்ணாடி ஐந்து மாதமாக வெடித்துத்தான் கிடந்தது. அதை நான் உடைக்கவில்லை. கடைக்காரர் நாளைக்கே தருகிறேன் என்றார். அவசரமில்லை, பத்து நாள் எடுங்கள் என்றேன். இன்ஷாப் தம்பிக்கு, பயணத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய ஸாதியா விரும்பவில்லை, ஆறுதலாகப் போய்வாருங்கள் என்று செய்தி அனுப்பினேன். என் போனில் அவரோடு கதைக்கலாமா என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். மலைப்பக்கம், சிக்னல் இல்லை புள்ள என்றேன்.

மூன்றாம் நாள் தன்யூப் ஆற்றுப் பாலத்திலிருந்து அவருடைய குரல் பதிவு வந்தது.

“மச்சி, நம்மட கல்லடிப் பாலத்த ஏழெட்டு வைக்கலாம் போல, அவ்வளவு நீளம். பாலம் முடிய சோத்தாங்கைப் பக்கம் கிறுகணுமா, நேராப் போகணுமா?”

பக்கத்திலிருந்து ஸஹீதாவின் குரல், “நேரா எண்டுதானே தாள்ல எழுதிக் கிடக்கு, நான் செல்லச் செல்லக் கேக்காரில்ல,” என்று சிரித்தது. பிள்ளையும் சேர்ந்து சிரித்தது. நான் இரண்டு தரம் போட்டுக் கேட்டேன். போட்ட திட்டம் போட்டபடி ஓடுகிறபோது எனக்கு வருகிற சந்தோஷத்தை ஏன் மறைக்க வேண்டும். ‘நேரே’ என்று பதில் அனுப்பினேன்.

பான்ஸ்கோவுக்கு எல்லாரும் கையுறை கொண்டுபோயிருந்தார்கள். வந்த படங்களில் ஒருவரும் சறுக்கவில்லை, விழுந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒன்றில் இன்ஷாப் தம்பி பனியில் மல்லாந்து கிடக்கிறார், அவர் வயிற்றில் அந்தச் சின்னவள் ஏறி இருக்கிறாள். கையைக் கொடுக்க வெட்கப்பட்டு, ஸஹீதா தன் சறுக்குத் தடியை நீட்டுகிறாள். அந்தப் படத்தைத்தான் நான் ஸாதியாவுக்குக் காட்டினேன்.

“செல்லித்தானே அனுப்பினன், விழுவீங்க எண்டு,” என்று சிரித்தாள். பிறகு இன்னொரு தரம் பார்த்தாள். போனை என் கையில் தந்துவிட்டு, அடுப்பில் கறி இருக்கிறது என்று குசினிக்குப் போனாள். கறியை நான் அரை மணித்தியாலத்துக்கு முந்தியே இறக்கி வைத்திருந்தேன்.

பெப்ரவரியில் அவர் உங்களுக்குப் போன் எடுத்து, மனம் மாறிவிட்டது, மன்னியுங்கள் என்றார். ஸஹீதாவின் பெயரை அவர் சொல்லவில்லை. அது அவருடைய நல்ல குணம். ஸாதியா அழவில்லை. “அவருக்கு விருப்பமில்லாட்டி உடுங்க ராத்தா,” என்றாள். அதற்குப் பிறகு கடற்கரைக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை, வாவிக்கரைக்கும் வருவதில்லை. மெலிந்துவிட்டாள் என்று அயலவர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. தினமும் பார்ப்பதால் இருக்கலாம். வீட்டில் இருக்கிறாள், எனக்கு அது போதும்.

ஆகவே காக்கா, செய்தது நான். என் தங்கைக்குப் பேசிய மாப்பிள்ளையை நானே காரில் ஏற்றி, நானே ஆள் பார்த்துப் பக்கத்தில் இருத்தி, கையுறையும் மறக்காமல் அனுப்பிவைத்தேன். எனக்காகச் செய்யவில்லை. தெரியாத தேசத்தில், குளிரில், ஆள் துணையில்லாமல் அவள் கிடந்து தவிக்கக் கூடாது. பெண் வீட்டில் இருக்க வேண்டும், மாப்பிள்ளை வர வேண்டும். நம் ஊர் ஒழுங்கைத்தான் நான் காப்பாற்றினேன். உள்ளூர் மாப்பிள்ளையாக இருந்திருந்தால் ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டேன்.

அதனால் தொழிலை விடாதீர்கள். போன மாதம் நீங்கள் பேசிய ஏறாவூர் மாப்பிள்ளை றிப்ஷானில் எனக்குப் பூரண சம்மதம். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. புடைவைக் கடை வைத்திருக்கிறார், பெட்டியோடு இங்கேயே வந்துவிடுகிறேன் என்கிறார், தங்கமான பிள்ளை. ஸாதியாவும் ஓமென்று தலையாட்டிவிட்டாள். இன்று காலையில் அப்பம் சுடும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்; கணினிக்கு முன்னால் இருந்த எனக்கும் கேட்டது.

றிப்ஷான் தம்பிக்கு நுவரெலியாக் குளிரைப் பார்க்க ஆசையாம். திட்டத்தை நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாடகை வான் வண்டியில் பதினான்கு பேர் போகலாம்; அவரும் அவருடைய இரண்டு ராத்தாமாரின் குடும்பங்களுமாகப் பதின்மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். ஸாதியாவுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது, அவள் என்னோடு வீட்டில் நிற்பாள். அவருடைய வரிசையில் ஒரு இருக்கை வீணாகக் காலியாகக் கிடக்கிறது. நீங்கள் அறியாத குடும்பமா, காக்கா. அடக்கமான, நன்றாகச் சிரிக்கிற பெண்பிள்ளை யாராவது இருந்தால் சொல்லுங்கள், வான் செலவும் பதினான்காகப் பிரியும்.