திரும்பி வராத வளரி

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் எறிகலை மன்றத்தின் புரவலர், பட்டுக்கடை உரிமையாளர் ராமராஜன் ஐயா அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் மன்ற நிர்வாகிகளே! தறியைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கும் பிள்ளையார்பாளையத்து மக்களே! முன்வரிசையில் இருக்கும் தங்கை அமுதா, அவர் மகள் தர்ஷினி! எல்லோருக்கும் இந்த மன்றத்தின் செயலாளர் யேசுதாஸின் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். என் நண்பர், எறிகலைச் செம்மல் முனிரத்தினத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு உட்காரச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். "அவர் வளர்த்த கலையே அவரைக் கொண்டுபோய்விட்டது" என்றார் ஒருவர். "அவர் எறிந்த வளரி அவரிடமே திரும்பி வந்தது, அதுதான் விதி" என்றார் இன்னொருவர். அதற்குக் கைதட்டல் வேறு! கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிகிறது.

முனிரத்தினம் யார்? தறிக்கு மரவேலை செய்த தச்சர். இருபது வருடமாக, உலகத்தில் உள்ள வளைதடிகளைப் படத்தில் பார்த்து, தானே செதுக்கி, எறிந்து பார்த்தவர். அவர் வீட்டுச் சுவரில் முப்பத்தாறு தொங்குகின்றன. "எல்லாம் ஒரே மாதிரிதானே" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என்னிடமே எத்தனை முறை கத்தியிருக்கிறார்! "இன்னா யேசு, படிச்சவன்தானே நீ? பறந்து திரும்பி வர்றது வேற, போய் அடிக்கிறது வேற. ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லிக்கினு இருக்கிறியே!"

திரும்பி வருகிற பூமராங் எடை குறைந்தது. அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் புடைப்பு. நிமிர்த்திப் பிடித்து, காற்றுக்குச் சற்றே பக்கவாட்டில் எறிந்தால் வட்டமடித்துக் கைக்கு வரும். அது விளையாட்டுக்கு. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் அதைப் பருந்து போலப் பறக்கவிட்டுப் பறவைகளை வலைக்குள் விரட்டியதும் உண்டு என்பார். இடது கைக்காரருக்குத் தனியாகச் செய்ய வேண்டும். தன் மனைவி அமுதாவுக்கு அவர் கொடுத்த முதல் பரிசே இடது கை பூமராங்தான்! மூன்று இறக்கை வைத்தது சின்ன வட்டத்தில் திரும்பும், பிள்ளைகள் கையில் அதைத்தான் கொடுப்பார். வேட்டைத் தடி கனமானது, நேராகப் போய் கங்காருவின் காலை முறிக்கும். அந்த மக்கள் அதை வைத்தே மண்ணும் தோண்டினார்கள், இரண்டைத் தட்டித் தாளமும் போட்டார்கள். கொக்கி வைத்த தடி சண்டைக்கு. எதிராளி கேடயத்தால் தடுத்தாலும் கொக்கி மாட்டிக்கொண்டு சுழன்று அடிக்கும்.

நம் வளரி? ஒரு முனை கனம், மறு முனை மெலிவு. தென் சீமையில் மான் காலுக்குக் குறிவைத்துத் தாழ எறிந்தார்கள். போரில் ஓடுகிறவனை விழவைத்தார்கள். மரத்திலும் செய்தார்கள், இரும்பிலும் செய்தார்கள். சில வளரி திரும்பும் என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். முனிரத்தினம் புளியங்கட்டையில் செதுக்கிய வளரி திரும்பாது! பாலாற்று மணலில் அதை எத்தனையோ நூறு முறை எறிந்திருக்கிறார். அத்தனை முறையும் நடந்து போய்த்தான் எடுத்து வந்தார். கூடவே நடந்தவன் நான்.

அப்படியானால் போன மாதம் ஒன்பதாம் தேதி, வாலாஜாபாத் பக்கத்துப் பள்ளி ஆண்டுவிழாவில் மட்டும் அது எப்படித் திரும்பியது?

அன்று வளைதடிகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பியிருந்தோம். நமக்குத்தான் எதையும் புரவலர் கையால் தொடங்கிவைக்காவிட்டால் தூக்கம் வராதே! முனிரத்தினம் மூன்று இறக்கையை நீட்டினார். "ஐயா, இத்த எறிங்க, லேசா இருக்கும்." ராமராஜன் ஐயா என்ன சொன்னார்? "இன்னாபா இது, ஃபேன் றெக்கை மாதிரி இருக்குது? போட்டோவுல தெரியற மாதிரி பெருசா குடுபா."

"பெருசு திரும்பாது ஐயா. எதிர்ல யாரும் நிக்கக் கூடாது. கொஞ்சம் இருங்க, பசங்கள நகத்திட்டு வந்துடறேன்." சொல்லிவிட்டு மைதானத்துக்குள் ஓடினார். கயிற்றைத் தாண்டி வந்த பிள்ளைகளை இரண்டு கையாலும் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் முதுகு நம் பக்கம். இங்கே போட்டோக்காரர் அவசரப்படுத்தினார். ஐயா வளரியை எறிந்தார். காதுக்குப் பின்னால் பட்டது. மூன்றாம் நாள் முனிரத்தினம் இல்லை.

மைக்கை அணைக்காதே கோகுல்! அணைத்தால் கத்திப் பேசுவேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய தொண்டை இது.

அன்று சாயங்காலமே மன்றத்தில் உட்கார்ந்து எழுதினோம். "தாமே எறிந்த வளரி திரும்பி வந்து தாக்கியதில் காயமடைந்தார்." நிர்வாகிகள் ஏழு பேர் கையெழுத்து! எழுதிக் கொடுத்ததைக் காவல் நிலையத்தில் வாங்கிக்கொண்டார்கள். வளைந்த கட்டை என்றால் திரும்பத்தானே செய்யும் என்று ஊரும் நம்பியது. பார்த்த பிள்ளைகளை யார் கேட்டார்கள்? வாழ்நாளெல்லாம் எந்தத் தப்பை எதிர்த்து அவர் சண்டை போட்டாரோ, அந்தத் தப்பையே எடுத்து அவர் சாவின் மேல் போர்த்திவிட்டோமே! இது அடுக்குமா?

போன வாரம் தர்ஷினி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "காலேஜ்ல எல்லாரும் உங்க அப்பாவுக்கு எறியத் தெரியாதான்னு கேக்கறாங்க மாமா. அந்த வளரி எப்படி மாமா திரும்பி வந்துது?" என்று கேட்டாள். நான் "காப்பி சாப்பிடறியாம்மா" என்றேன். தூ! நானும் ஒரு மனிதனா?

இவ்வளவு நேரம் ராமராஜன் ஐயாவைச் சொன்னேன். மேசையிலிருந்து அந்த வளரியை எடுத்து அவர் கையில் கொடுத்தது யார்? நான்! எது திரும்பும், எது திரும்பாது என்று தெரியாமலா கொடுத்தேன்? இந்த மேடையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பெரிய மனிதர் கேட்கிறாரே என்று கொடுத்தேன். அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்தும் என்னுடையது.

முனிரத்தினம் பெயரில் விருது வைக்கிறோம், சிலை வைக்கிறோம் என்று இன்று தீர்மானம் போடப் போகிறார்களாம். சிலை அப்புறம் வைக்கலாம். கூட்டம் முடிந்ததும் நான் காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கப்போகிறேன். சனிக்கிழமைதோறும் பாலாற்றங்கரையில் பிள்ளைகளுக்கு அவர் நடத்திய வகுப்பும் நிற்காது, எது எதற்கு என்று சொல்லித்தான் கையில் கொடுப்போம். கையெழுத்துப் போட்ட மற்ற ஆறு பேரும் இங்கேதான் இருக்கிறீர்கள். வருகிறவர்கள் வரலாம்.

ராமராஜன் ஐயா, ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். வாசலில் உங்கள் கார்தானே நிற்கிறது? நாம் இரண்டு பேரும் அதிலேயே போகலாம்.