ஐந்தாம் நாள் எண்ணிக்கை

வித்துக்குள் உறங்கும் உயிரை விழித்திருந்து காத்தவர், முளை எண்ணி எண்ணியே முதுகு வளைந்தவர், வாவிக்கரை விதைப் பரிசோதனைக் கூடத்தின் வாடா விளக்கு, டல்சி பல்தசார் அம்மையார் முப்பத்து நான்கு ஆண்டுப் பணி முடித்து இன்று ஓய்வு பெறுகிறார்!

“பிழையறியாத கரம்” என்று முதலில் எழுதியிருந்தோம். அதை வெட்டச் சொன்னார். காரணம் எங்கள் நால்வருக்கும் தெரியும்.

கச்சான் என்னும் நிலக்கடலை வித்தில் பாதி எண்ணெய். ஈரம் பட்டதும் நொதியங்கள் அந்த எண்ணெயைக் கொழுப்பமிலங்களாக உடைக்கும். வித்து அவற்றைச் சீனியாக்கி வேருக்கும் தண்டுக்கும் அனுப்பும். இலை பச்சை பிடித்து வெயிலில் தானே உணவு செய்யும்வரை நாற்றுக்கு அதுதான் கட்டுச்சோறு. ஈரக் களஞ்சியத்தில் கிடந்த வித்தில் அது புறப்படுமுன்பே கெட்டுவிடும். வேர் எட்டிப் பார்க்கும், அதற்குமேல் தள்ள வலுவிருக்காது. அதனால்தான் ஐந்தாம் நாள் ஒருமுறை, பத்தாம் நாள் மறுமுறை எண்ணிய பிறகே சான்றிதழ் கொடுப்பது முறை.

ஒன்பது வருடங்களுக்கு முன், மாரி தொடங்கும் தறுவாயில், மாங்கேணிக்குப் போகும் விதை மூடைகளோடு லொறி வாசலில் நின்றது. ஐந்தாம் நாள் எண்ணிக்கை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. அம்மையார் கையெழுத்திட்டார். விதை மணலுக்குள்ளேயே செத்தது. பயிர் பொய்த்த மாங்கேணி விவசாயி சாமித்தம்பி பழக்கமில்லாத கடல் தொழிலுக்குப் போனார். திரும்பி வந்தது அவர் உடல்தான்.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழித்து அவர் மனைவி அன்னப்பூரணி, தோண்டியெடுத்த காய்ந்த முளைகளைப் பையில் போட்டுக்கொண்டு இங்கு வந்தார்.

“முளைச்சதுதானே மிஸ், பிறகு ஏன் மேல வரல்ல?”

அம்மையார் எண்ணெயின் கதை முழுவதையும் அவருக்கு விளக்கினார். பிறகு, “பத்து நாள் பொறுக்காம நான்தான் கையெழுத்து வச்சன்” என்றார். அன்னப்பூரணி பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அதன்பின் எந்த அதிகாரி அவசரப்படுத்தினாலும் பத்தாம் நாளுக்கு முன் அம்மையார் பேனையைத் தொட்டதில்லை. பிடிவாதக்காரி என்ற பேரையும் சுமந்தார். மாங்கேணிக்கு விதை போகும் ஒவ்வொரு மாரியிலும் அவருக்குச் சோறு இறங்காது. அது உடனிருந்து உண்ட எங்களுக்குத் தெரியும்.

ஆனால் அவர் அன்று சொன்னது முழு உண்மையல்ல. கையெழுத்திட அவர் இரண்டுமுறை மறுத்தார். “இன்னும் அஞ்சு நாள் மினக்கெட்டா மழை முந்திரும், வையுங்க மிஸ்” என்று தாளை நீட்டியவர், இதை இப்போது வாசிக்கும் மர்சூக். ஓம் ஓம் என்று தலையாட்டியவர்கள் மற்ற மூவரும். அன்னப்பூரணி வந்த அன்று நால்வரும் பக்கத்து அறையில்தான் இருந்தோம். வெட்கக்கேடு, ஒருவரும் எழுந்து வரவில்லை. இன்று அம்மையாருக்குச் சொல்லாமல் நாங்கள் அழைத்து, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்னப்பூரணி இதைக் கேட்கட்டும்.

டல்சி அம்மையார் நோயின்றி நெடுங்காலம் வாழ்க! உண்ணும் சோறு இனியாவது அவர் உடலில் ஒட்டுக!

ஒன்பது வருடம் பிந்திக் கையெழுத்திடுவோர்,
மர்சூக்
சீதேவிப்பிள்ளை
இக்னேஷியஸ்
பிறெண்டா