எட்டு மில்லிமீட்டர் தசைநார்

சுவரில் ஓர் ஆணியை நேராக அடிக்க எனக்கு வராது. ஆனால் ஸ்கேன் படத்தில் கோடு போடும்போது என் கை நடுங்கியதே இல்லை. அதனால் உங்கள் விசாரணை அறிக்கையில் ‘கை தவறிவிட்டது’ என்று தயவுசெய்து எழுதிக்கொள்ளாதீர்கள்.

முட்டியில் ஜவ்வு கிழிந்தால், தொடைக்குப் பின்னால் இருக்கும் தசைநாரை உருவி, மடித்து, புது ஜவ்வாக வைப்பார்கள். அதன் தடிமன் போதுமா என்று முன்கூட்டியே படத்தில் அளந்து சொல்பவன் நான். படத்தில் அது ஒரு கறுப்புப் பொட்டு. சுற்றிக் கோடு போட்டால் கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளும். மடித்தால் எட்டு மில்லிமீட்டர் தேற வேண்டும். தேறாவிட்டால் சர்ஜன் முட்டிச்சில்லுக்குக் கீழிருந்து வேறு நார் எடுப்பார்.

என் மகள் கால்பந்து ஆடுபவள். அவளுக்கும் அந்த ஜவ்வுதான் கிழிந்தது. கால் சரியானதும் வெளிநாட்டு அணி ஒன்று அழைத்துக்கொள்வதாக இருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளும் போய்விட்டால் என் சமையலைத் திட்டக்கூட நாதியில்லை.

“சொந்தப் பொண்ணு படம், வேற யாராவது பார்க்கட்டுமே சார்” என்றார் சர்ஜன்.

“அப்பாவே பார்க்கட்டும் டாக்டர். உப்பு அளவுதான் அவருக்குத் தெரியாது, மத்ததெல்லாம் கரெக்டா அளப்பாரு” என்றாள் அவள்.

நார் மெலிசு. ஆறரை தேறினால் அதிகம். நான் பொட்டைச் சுற்றியிருந்த கொழுப்பையும் சேர்த்துக் கோடு போட்டேன். எட்டு வந்தது.

உருவி எடுத்த பிறகுதான் சர்ஜனுக்குத் தெரிந்தது. உருவியதைத் திரும்ப ஒட்டவா முடியும்? இன்னோர் இடத்தையும் அறுக்க வேண்டாமென்று இருப்பதை வைத்துத் தைத்தார். “சில நேரம் படம் ஏமாத்திடும், விடுங்க சார்” என்று என்னைத் தேற்றியவரும் அவர்தான். நல்ல மனிதர். அவர் மேல் பழி வேண்டாம்.

திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டத்தில், யாரும் தொடாமலேயே விழுந்தாள். பனிக்கட்டிப் பையோடு முதலில் ஓடியது நான்தான். “அறுந்த சத்தம் கேட்டுச்சுப்பா” என்றாள். அந்தப் பையை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன்.

அணி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். எதை வைத்தாலும் பேசாமல் சாப்பிடுகிறாள்.

மறுபடி அறுவை செய்ய இன்னொரு காலிலிருந்து நார் எடுக்க வேண்டுமாம். அந்தப் படத்தை வேறொருவர் அளப்பார் என்கிறீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். அவர் நாரை மட்டும்தான் அளப்பார். என் பிள்ளைக்கு எது நல்லது என்று அவருக்கு எப்படித் தெரியும்?